ஊவாத் தோட்டங்களில் காமன் கூத்தும் இல்லறமும்

கணவனும் மனைவியும் பிணங்குதலும் பிரிதலும் மீண்டும் கூடுதலும் எந்நாட்டுக் கலைக்கும் பொதுவான பொருள்களாம். ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் எத்தகைய இல்லறக் கதையைத் தேர்ந்து ஆடுகின்றது என்பதையும், அக்கதையில் இடுக்கண் எந்த வாயில் வழியாக வீட்டினுள் புகுகின்றது என்பதையும் உற்று நோக்கின், அம்மக்கள் வாழ்ந்த காலத்தின் வரலாறு ஓரளவு புலனாகும். அரச கட்டளைகளும் ஆண்டறிக்கைகளும் கூறாது விட்டவற்றைச் சில வேளைகளிற் கூத்துகள் கூறிவிடுகின்றன.

சோவியத் நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். 1927ஆம் ஆண்டில் ஆபிராம் ரோம் என்னும் இயக்குநர் ஊமைப்படம் ஒன்றை வெளியிட்டார். கதையமைப்பில் அவருக்குத் துணை நின்றவர் விக்டர் ஸ்க்லோவ்ஸ்கி என்னும் புகழ்பெற்ற இலக்கியத் திறனாய்வாளர். மாஸ்கோ நகரின் தெரு ஒன்றன் பெயரே படத்தின் பெயர். பிற நாடுகளில் அது 'கட்டிலும் சோபாவும்' என வழங்கலாயிற்று. கட்டட வேலைத் தலைவன் ஒருவனும் அவன் மனைவியும் நிலவறை போன்ற ஒற்றை அறையிற் குடியிருக்கின்றனர். நகரில் வீட்டுப் பஞ்சம். அச்சுத் தொழிலாளியான பழைய நண்பன் ஒருவன் தங்க இடமின்றி வர, அவனுக்கு அவ்வறையின் சோபாவே படுக்கையாகின்றது. கணவன் தொழில் நிமித்தம் வெளியூர் சென்று மீள்வதற்குள் நண்பன் சோபாவிலிருந்து கட்டிலுக்கு மாறிவிடுகிறான். திரும்பி வந்த கணவனுக்குச் சோபா மிஞ்சுகின்றது. நகைப்புக்குரிய காட்சிகளாகத் தொடங்கும் கதை, இரு ஆடவரும் அப்பெண்ணைச் சமைக்கவும் துவைக்கவும் உரிய ஆளாக மட்டுமே கருதுகின்றனர் என்னும் உண்மையைக் காட்டி, அவள் வயிற்றிற் கருவுடன் தனியே புகைவண்டி ஏறிச் செல்வதோடு முடிகின்றது. அந்நாட்டில் 1926இல் இயற்றப்பட்ட குடும்பச் சட்டம், பதிவு செய்யப்படாத மணங்களுக்கும் ஏற்பளித்து, மணவிலக்கையும் மிக எளிதாக்கியிருந்தது. சட்டம் எளிதாக்கியதை ஒற்றை அறை கடினமாக்கியது என்பதே அப்படத்தின் நகையும் நோவும் எனலாம்.

அக்காலத்தில் இலங்கையின் தேயிலை மலைகளில் வாழ்ந்தோர் இப்படத்தின் பெயரையும் கேட்டிருக்கமாட்டார். ஆயின் ஒற்றை அறையையும், பதிவு பெறாத மணத்தையும், பிறர் ஏவலாற் கணவன் வீட்டைவிட்டுச் செல்வதையும் அவர்கள் அறியாதவர்களல்லர். அவர்களிடமும் ஓர் இல்லறக் கூத்து இருந்தது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவா மாகாணத்துத் தோட்டங்களில், மலையகத்தின் பிற பகுதிகளிற் போலவே, மாசி மாதந்தோறும் ஆடப்பெற்று வந்த காமன் கூத்தே அது. இக்கூத்தைச் சமயச் சடங்காகவும் நாட்டார் கலையாகவும் ஆராய்ந்தோர் உளர். தோட்டத்து மணவாழ்வின் வரலாற்றோடு இணைத்து நோக்குவார் மிகச் சிலரே. அவ்வாறு நோக்குவதே ஈண்டு மேற்கொள்ளப்படும் முயற்சி.

காமனை வழிபடுதல் தமிழர்க்குப் புதியதன்று. அவ்வழிபாடு மணவாழ்வின் இடுக்கணோடு இணைந்திருத்தலும் புதியதன்று. சிலப்பதிகாரத்திற் கோவலனைப் பிரிந்து வருந்தும் கண்ணகியிடம் அவள் தோழி தேவந்தி, புகாரில் உள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் இரு துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுத மகளிர் கணவரோடு கூடி இன்புறுவர் என்று கூறுகின்றாள். கண்ணகி அதனைப் பெருமைக்குரிய செயலன்று என மறுத்துவிடுகின்றாள். அவள் மறுத்தாள் என்பதால் ஏனையோரும் மறுத்தனர் எனக் கொள்ளலாகாது. கோட்டம் ஒன்று இருந்தமையே அங்குச் சென்று தொழுதோர் பலர் என்பதற்குச் சான்று. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியும் காமனை நோன்பிருந்து தொழும் பாடல்களோடேயே தொடங்குகின்றது. அந்நோன்பின் காலமும் தையும் மாசியுமே. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் உற்பத்தி காண்டத்துக் காமதகனப் படலம் எரிப்பின் கதையை விரிவாகச் சொல்கின்றது. சிவபெருமானின் மோனத்தைக் கலைக்குமாறு பிரமதேவர் ஏவ, மன்மதன் முதலில் மறுக்கின்றான். சாபம் இடுவேன் என்று அச்சுறுத்திய பின்னரே உடன்படுகின்றான். இச்செய்தியை நினைவில் இருத்தல் வேண்டும். மன்மதன் தன் விருப்பத்தாற் சென்றவனல்லன். மேலிடத்துக் கட்டளைக்கு அஞ்சிச் சென்றவன்.

இனி இக்கூத்து ஊவா மலைகளுக்கு வந்த வழியைச் சிறிது காண்போம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரிற் பெரும்பாலார் ஆடவர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். அந்நிலையில் தோட்டம் என்பது வேலைத்தளமேயன்றிக் குடியிருப்பு அன்று. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட கோப்பி இலைநோய் சில பத்தாண்டுகளுக்குள் அப்பயிரையே அழித்தது. ஊவாவின் ஒரு மலைச்சரிவில் ஓர் இலையின் அடியில் தோன்றிய மஞ்சட் புள்ளி, இந்நாட்டுத் தமிழ் உழைப்பாளரின் குடும்ப வாழ்வையே மாற்றிவிட்டது என்றால் மிகையாகாது. கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டியிருந்தன; அவை பெரும்பாலும் பெண்களின் கைகளாயின. கங்காணிமார் ஆள் கட்டும்போது குடும்பம் குடும்பமாகக் கட்டலாயினர். 1886இல் ஊவா தனி மாகாணமாக அமைந்தது. 1924இல் புகைவண்டிப் பாதை பதுளையை எட்டியது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே இம்மலைகளில் 'லயம்' என்னும் நீள்வரிசைக் குடியிருப்புகள் நிரந்தர ஊர்களின் தோற்றத்தைப் பெற்றன. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் கொண்டு வந்தாற்போலவே பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் காமன் கூத்தையும் கொண்டு வந்தனர்.

கூத்தின் முறை தோட்டத்துக்குத் தோட்டம் சிற்சில வேறுபாடுகளை உடையது. பொதுவாக மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும் நாளிற் 'காமன் ஊன்றுதல்' நடைபெறும். லயங்களுக்கு அண்மையில் 'காமன் பொட்டல்' என வழங்கும் வெளியில் ஒரு குழி அகழ்ந்து கம்பம் நடுவர். கரும்பு, ஆமணக்கு முதலியனவும் வைக்கோற் புரியும் வரட்டியும் அதிற் சேரும். அன்று முதல் இரவுதோறும் தப்பின் ஓசை மலைகளில் எதிரொலிக்க, காமன் கதை தெரிந்த வாத்தியார் பாட, மற்றையோர் கம்பத்தைச் சுற்றி ஆடுவர். பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிய கைகளும் கொழுந்துக் கூடை சுமந்த தலைகளும் இரவில் அப்பொட்டலிற் கூடும். விடியற்காலைப் பிரட்டுக்குத் தவறாமற் போகவும் வேண்டும் என்பதை எண்ணினால், இக்கூத்தின்மீது அம்மக்கள் வைத்த பற்று எத்தகையது என்பது விளங்கும்.

முழுமதி நாளை ஒட்டிய இறுதி இரவே பேரிரவு. விரதம் இருந்த இருவர் மதனாகவும் ரதியாகவும் வேடம் புனைவர். ரதியும் ஓர் ஆடவனே. ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நடைபெறும். தோட்டத்து மக்கள் அனைவரும் அத்திருமணத்தின் உறவினராவர். மணமக்கள் லயம் லயமாக வலம் வர, ஒவ்வொரு வாயிலிலும் பெண்கள் தட்டேந்தி வரவேற்பர். அதன் பின்னர்த் தேவரின் ஓலையைத் தாங்கிய தூதன் வருகின்றான். கோமாளியின் குறும்புகளுக்கிடையே அவ்வோலை மதனின் கைக்குச் சேர்கின்றது. மணக்கோலம் கலையாத வீட்டிற்கு ஒரு தாள் வருகின்றது. அத்தாளில் உள்ள கட்டளையால் அவன் செல்ல வேண்டியவனாகின்றான். இங்கேதான் கூத்தின் உயிர்நிலையான தர்க்கம் தொடங்குகின்றது.

ரதி போக வேண்டாம் என்கின்றாள். சிவனின் பெருமையையும் நெற்றிக்கண்ணின் வெம்மையையும் எடுத்துரைக்கின்றாள். மதனோ தன் கரும்பு வில்லையும் மலர்க்கணையையும் புகழ்ந்து, அச்சிவனும் தனக்கு எம்மாத்திரம் என்று இகழ்கின்றான். ஒருவர் போற்ற ஒருவர் தூற்ற, பாட்டுக்குப் பாட்டாக வளரும் இத்தர்க்கம், மராத்தியர் ஆண்ட தஞ்சை நாட்டிற் செழித்த லாவணிப் பாட்டில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' எனத் தனிக்கலையாகவே வளர்ந்தது. தோட்டத்துப் பொட்டலில் அது கட்சி வாதமாக நில்லாமற் கணவன் மனைவி வாக்குவாதமாகவே ஒலித்தது. அடுத்த காம்பராவிற் கேட்கும் சச்சரவைப் போல அது கேட்டதால் மக்கள் நகைத்தனர். மனைவி சொல்வதே சரி என்று அனைவரும் அறிந்திருந்தமையால் அந்நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. மதன் செல்கின்றான், கணை தொடுக்கின்றான், எரிகின்றான். கம்பத்திலும் தீ மூட்டப்படுகின்றது. ரதியின் புலம்பல் ஒப்பாரி இசையில் எழும்போது, கூடியிருக்கும் பெண்களும் கண்ணீர் விடுவர். பின்னர் ரதியின் வேண்டுகோளுக்கு இரங்கிய சிவபெருமான் மதனை எழுப்புகின்றார். அவன் உருவம் ரதியின் கண்களுக்கு மட்டுமே தோன்றும், பிறர்க்குத் தோன்றாது.

தோட்டத்து மணவாழ்வின் நிலைமை யாது? முதலில் வீட்டை நோக்குவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவிலமைந்த ஒற்றைக் காம்பரா, அதன் முன் ஓர் இஸ்தோப்பு. அதுவே ஒரு குடும்பத்தின் உலகம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களிற் பின்சுவரிற் பலகணி வைக்கவும் வழியில்லை. மணமான மகனும் மருமகளும் பெற்றோருடன் அதே அறையிலேயே படுக்க வேண்டியிருந்தது. இரு குடும்பங்கள் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டதும் உண்டு. ஒரு பழஞ்சேலையே இடைச்சுவராயிற்று. மாஸ்கோவில் வீட்டுப் பஞ்சம் ஒரு காலக்கட்டத்தின் நெருக்கடி. இங்கோ அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஏற்பாடு. கணவன் மனைவி ஊடலும் கூடலும் பிறர் காதுக்கு மறைவாக நிகழ இடமில்லாத அவ்வாழ்வில், ரதி மதன் தர்க்கத்தை ஊரார் கூடிக் கேட்டமை வியப்பன்று. தமிழ் அக இலக்கியம் ஊடலுக்குத் தனித்திணை வகுத்தது. லயத்துச் சுவர் அதற்கு ஒரு முழம் இடமும் வகுக்கவில்லை.

அடுத்து அவ்வாழ்வைக் கட்டிய தாள்களை நோக்க வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. அதற்கு மேலாகத் 'துண்டு' முறை வழங்கியது. கங்காணியின் கணக்கில் ஏறிய கடனைக் குறித்த துண்டுச் சீட்டு இன்றி ஒருவர் வேறு தோட்டத்திற் பேர் பதிய இயலாது. அக்கடனை ஏற்கும் புதிய துரையே அவரைப் பெறுவார். ஆகவே ஒரு குடும்பம் ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குப் பெயர்வது அக்குடும்பத்தின் விருப்பத்தால் அன்று, கங்காணியும் துரையும் கடனைப் பேசி முடிக்கும் விலையாலேயே நிகழ்ந்தது. ஓலை ஒன்று வந்தவுடன் மதன் புறப்பட வேண்டியிருப்பதைக் கண்டு, துண்டின் வலிமையை அறிந்த மக்கள் அதனைப் புராணச் செய்தியாக மட்டும் கொண்டிருப்பார்களா? 1921இல் துண்டு முறையும் ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனையும் நீக்கப்பட்டன. கூத்தின் ஓலைத் தூதன் அதன் பின்னரும் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருந்தான்.

மணத்தைப் பற்றிய சட்டமும் ஆராயத்தக்கது. ஊவா, கண்டிச் சட்டம் வழங்கும் பகுதியாதலால், அயற் கிராமங்களில் வாழ்ந்த சிங்களர்க்கு 1870ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு இல்லையேல் மணமே இல்லை. தோட்டத்துத் தமிழர் அச்சட்டத்துக்கு உட்பட்டவரல்லர். அவர்க்குரிய 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுச் சட்டம், பதிவை மணத்தின் சிறந்த சான்றாகக் கொண்டதேயன்றி, வழக்காற்று மணத்தைச் செல்லாததாக்கவில்லை. தாலி கட்டி, உறவினர் கூடி, இருவரும் கணவன் மனைவியராய் வாழ்ந்து ஊரால் அவ்வாறே மதிக்கப்பட்டால் அது மணமாயிற்று. இதனால் மாரியம்மன் கோவில் முன் நடந்த மணங்கள் பல, பதிவாளரின் ஏட்டைக் காணாமலே நிலைபெற்றன. அவற்றின் ஏடு ஊராரின் நினைவே. இத்தகைய சமூகத்தில் மணம் என்பது பலர் காண நிகழ்வதொன்று; கண்டவர் இருக்கும்வரை அது நிற்கும். ஆண்டுதோறும் தோட்டம் முழுவதும் சாட்சியாக நின்று ரதிக்கும் மதனுக்கும் மணம் செய்வித்த வழக்கம், இந்நிலையில் வைத்து எண்ணினாற் புதுப்பொருள் தருகின்றது. ஏடு இல்லாத மணத்துக்கு ஊரே சாட்சி என்பதை அக்கூத்து ஆண்டுக்கு ஒருமுறை உறுதி செய்தது.

கூலியிலும் மனைவிக்குத் தனிநிலை இருந்ததாகக் கூறுவதற்கில்லை. மேலே குறித்த சோவியத் படம் வெளிவந்த அதே 1927இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி, சிறுவர்க்கு மேலும் குறைந்த கூலி என்பதே அதன் ஏற்பாடு. தோட்டங்களில் ஆண் பெண் இருபாலார்க்கும் ஒரே நாட்கூலி 1984இலேயே வந்தது. அதுவரை, நாள் முழுதும் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவளின் உழைப்பு, முற்பகலோடு வேலை முடித்து இறங்கியவனின் உழைப்பினும் குறைந்ததாகவே மதிக்கப்பட்டது. சம்பள நாளில் மனைவியின் பணத்தையும் கணவனே கைநீட்டிப் பெறும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. குடும்பச் சச்சரவு முற்றினால் தீர்ப்புக் கூறுவோர் கங்காணி, கணக்கப்பிள்ளை, இறுதியிற் பெரிய துரை. அத்தீர்ப்புகளில் இல்லறத்தின் நலத்தினும் மறுநாள் வேலைக்கு ஆட்கள் குறையாமையே முன்னின்றிருத்தல் இயல்பு.

இத்தனைக்கும் பின் வந்ததே குடியுரிமைச் சிக்கல். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பான்மையான தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் விண்ணப்பிக்க வழி செய்தது. அச்சட்டத்தில் மணம் ஓர் அளவுகோலாக வைக்கப்பட்டிருந்தமையைப் பலர் கருதுவதில்லை. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும். அன்றியும், விண்ணப்பிக்கும் கணவனின் மனைவி, மணமான ஓராண்டுக்குள் இலங்கைக்கு வந்து பின்னர் இடையறாது இங்கேயே வாழ்ந்திருத்தல் வேண்டும். மணம் எந்நாளில் நடந்தது, மனைவி எந்நாளில் மண்டபத்தைக் கடந்து வந்தாள் என்னும் வினாக்களுக்குத் தாளில் விடை காட்ட வேண்டியதாயிற்று. ஊர் நினைவையே ஏடாகக் கொண்டிருந்த மணங்கள் முதன்முறையாகக் காகிதத்தின் முன் நிறுத்தப்பட்டன. தாயைப் பார்க்கவும் பேறு காலத்துக்கும் ஊருக்குப் போய் நாள் நீடித்துத் தங்கிய மனைவியின் பயணம், கணவனின் குடியுரிமையையே அசைக்க வல்லதாயிற்று. 1951 ஆகஸ்டு 5ஆம் நாளுடன் விண்ணப்பக் காலம் முடிந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேரின் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பேசித் தீர்ப்பதற்கு. 1974இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்ணைப் பிரித்தோர்க்கு உறவைப் பிரிக்கும் எண்ணம் இருந்திராது. ஆயினும் பெற்றோர் ஒரு பட்டியலிலும் வயது வந்த மகன் மற்றொரு பட்டியலிலும், கணவன் ஒரு நாட்டின் தாளுடனும் மனைவி மற்றொரு நாட்டின் தாளுடனும் நின்ற குடும்பங்கள் உண்டு. பதுளையிலிருந்து புறப்பட்ட இரவுப் புகைவண்டிகளில் ஏறித் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் சென்றோரை வழியனுப்பிய புகையிரத நிலையங்களில் எழுந்த அழுகையை அம்மலைகளில் வாழும் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அக்காலத்தில் ஓலைத் தூதன் பொட்டலில் தோன்றியபோது கோமாளியாலும் அவையைச் சிரிக்க வைத்தல் அரிதாயிருக்கும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். காமன் கூத்து தமிழ்நாட்டிலும் ஆடப்படுவதே; துண்டும் ஒப்பந்தமும் இல்லாத ஊர்களிலும் ரதி புலம்புகின்றாள்; ஆகவே தோட்ட வாழ்வோடு அதனைப் பிணைத்தல் வலிந்து பொருள் கொள்வதாகாதா என்பர். தடை நேரியதே. கூத்து தோட்டத்திற் பிறந்ததன்று. அதன் பாட்டும் கதையும் கடல் கடந்து வந்தவையே. ஆனால் ஒரு மக்கட் கூட்டம் பெயரும்போது கொண்டு வந்தவற்றுள் எதனை வைத்துக்கொண்டது, எதனை உதிர்த்தது என்பதும் வரலாறே. ஊரில் ஆடப்பட்ட கூத்துகள் பல. ஆற்றங்கரையும் வயலும் குலதெய்வத்தின் எல்லையும் இன்றி, இரவில் உறங்கும் நேரமும் அளந்து கொடுக்கப்பட்ட இடத்தில், பதினைந்து நாள் நீளும் ஒரு கூத்தை நிலைநிறுத்துதல் எளிதன்று. தொடர்ந்து ஆடப்பட்ட மிகச் சிலவற்றுள் காமன் கூத்தும் ஒன்றாயிற்று. மணம், மேலிடத்துக் கட்டளை, பிரிவு, மனைவியின் வாதாட்டம் என்னும் நான்கும் அம்மக்களின் அன்றாட வாழ்வில் இருந்தமை அதற்கு ஒரு காரணம் எனக் கொள்ளுதல் பிழையாகாது.

மற்றொன்றும் கூற வேண்டும். இக்கூத்தைப் பெண்ணின் குரல் என்று மிகைப்படப் புகழ்தலும் தகாது. ரதியின் சொல்லை மதன் கேட்பதில்லை. அச்சொல்லைப் பாடியவனும் ஆடவனே. பெண்கள் பொட்டலின் ஓரத்தில் நின்று கண்டவரே. சோவியத் படத்து மனைவி கணவனையும் நண்பனையும் விட்டுப் புகைவண்டி ஏறினாள். தோட்டத்துப் பெண்ணுக்கு ஏறுவதற்கு வண்டி இருந்தாலும் இறங்குவதற்கு ஊர் இல்லை. ரதியும் எங்கும் செல்வதில்லை. ஆனால் அவள் வாளாவிருப்பவளும் அல்லள். எரித்தவரிடமே சென்று முறையிடுகின்றாள். தேவர்களின் காரியத்துக்காகத் தன் கணவன் அனுப்பப்பட்டான், தண்டனையோ அவனுக்கும் தனக்கும் என்று வாதிடுகின்றாள். அவ்வாதத்தில் வெற்றியும் காண்கின்றாள். துரையின் மேசை முன் நின்று ஒருபோதும் முழுமையாகப் பேச இயலாதவர்கள், ஆண்டுக்கு ஓரிரவு, கடவுளின் முன்னரே ஒரு மனைவி வழக்காடி வெல்வதைக் கண்டனர். வென்றதும் பாதியே. கணவன் மீண்டான்; ஊருக்கு அவன் இல்லை, அவளுக்கு மட்டுமே உண்டு. கடலுக்கு அப்பாற் சென்றவனைக் கடிதத்திலும் நினைவிலும் மட்டுமே கண்ட மனைவியர்க்கு இம்முடிவைப் பற்றி உரைகாரர் தேவைப்பட்டிருக்கமாட்டார்.

தாயகம் திரும்பியோருடன் காமன் வாத்தியார்களும் தப்பு இசைப்போரும் சென்றனர். நீலகிரியிலும் கூடலூர்ப் பகுதியிலும் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அவர்களுக்காக அமைத்த தேயிலைத் தோட்டங்களிற் பலர் குடியேறினர். ஊவாவில் எஞ்சியோர் 1970களின் பஞ்சத்தையும், தோட்டங்கள் அரசுடைமையான காலத்தின் நெருக்கடியையும், 1983இல் பதுளை நகரிலும் மூண்ட வன்செயலையும் கண்டனர். நாடற்றவர் என்னும் நிலை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாற் படிப்படியாக நீங்கியது. பாடல் முழுவதும் அறிந்தோர் அருகிய தோட்டங்களிற் கூத்து பல ஆண்டுகள் நின்றுபோனதும் உண்டு. ஓரிரவு நிகழ்ச்சியாகச் சுருங்கியதும் உண்டு. பாடசாலைகளிலும் கலைவிழாக்களிலும் மேடையேறிய காமன் கூத்து, குழியும் கம்பமும் இல்லாமல் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகின்றது. அங்குத் தர்க்கமே பெரிதும் குறைக்கப்படுகின்றது. கூத்தைக் காப்போர் முதலிற் காக்க வேண்டியது அத்தர்க்கத்தையே. வாத்தியார்களின் கையெழுத்தேடுகள் சில குடும்பங்களில் இன்னும் தகரப் பெட்டிகளில் உள்ளன. அவற்றின் ஓரங்களில் அந்தந்தத் தோட்டத்தில் மதனாகவும் ரதியாகவும் ஆடியோரின் பெயர்களும் ஆண்டுகளும் குறிக்கப்பட்டிருப்பின், பதிவாளரின் ஏட்டிற் காணப்படாத ஒரு தோட்டத்தின் குடும்ப வரலாற்றை அவ்வோரங்களிலிருந்து எழுதத் தொடங்கலாம்.